கைலியோடு கிளம்பிய சவரிமுத்து அண்ணன்

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, சவரிமுத்து அண்ணன் என் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

யார் அவர்? லிங்கி ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் போர்ட்டிக்சன் டவுனுக்கு டயாலிசிஸ் செய்யப் போக வேண்டும். அந்த நேரத்துக்குத் தோட்டத்தில் பஸ் கிடையாது. நோயாளிகளை ஏற்றிப்போகக் கார் உள்ளவர்கள் தேவை என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது, ஏதோ ஒரு வேகத்தில் 'நான் வருகிறேன்' என்று தட்டிவிட்டேன். எட்டு மாதமாகிறது.

அன்று காலை வாசலில் கைலியோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் அவர் மனைவி லூர்து அண்ணி, டயாலிசிஸுக்குக் கொண்டுபோகும் அவருடைய போர்வையும் சட்டையும் வைத்த பையோடு.

"நான் வரலம்மா. போதும்லா."

"ரெண்டு மூணு தடவை விட்டா ஒடம்பு தாங்காதுண்ணே..."

"தெரியும் தங்கச்சி. தெரிஞ்சுதான் சொல்றேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க ஏத்திட்டுப் போறீங்க. டயாலிசிஸ் மிஸ்ஸி ஊசி போடுறா. இவ சோறு ஊட்டாத கொறதான். நான் யாருக்கு என்னா செய்றேன்? சும்மா உக்காந்து வாங்கிக்கிட்டே இருக்கேன்."

வாரா வாரம் பத்திரிகையில் புத்தி சொல்லிப் பத்தி எழுதுகிறவள் நான். அண்ணியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் காரைத் திருப்பினேன்.

ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். முந்தின நாள் மழையில் ஊறிய பெரிய மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. நான் வந்தபோது நின்றுகொண்டிருந்த மரம்! போனில் லைன் இல்லை. சுற்றிலும் பனிமூட்டம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி செம்பனை. வேறு என்ன செய்ய? மறுபடி அதே வாசல்.

"அண்ணே, ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. வெளிய போக வேற வழி இருக்கா?"

சத்தியமாகத் தந்திரம் இல்லை. எனக்கு வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அவர் நிமிர்ந்தார். "இருக்கு. ஆனா உங்களுக்குப் புடிபடாதுலா. பழைய லாரித் தடம். ஒரு எடத்துல தப்பாத் திரும்புனா நேரா ஆத்துக்குத்தான் போவணும்." கொஞ்சம் யோசித்தார். "சரி, ஓட்டுங்க. நான் சொல்றேன்."

கைலியோடு முன்சீட்டில் ஏறினார். அண்ணி சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்து பையை வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினார். அண்ணன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு... தூக்கமும் விழிப்பும் கலந்த ஒரு பயணம். வெள்ளை மூட்டத்துக்குள் கார் ஊர்ந்தது. ஓலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "எடது... மெதுவா... இப்ப நேரா..." அவர் குரல் மட்டும். சில வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"இங்க மாடு படுத்துக் கெடக்கும், பாத்து."

மாடு படுத்திருந்தது!

ஓரிடத்தில் மூட்டம் விலகி ஆறு தெரிந்தது. அதன் மேல் வரிசையாகக் கொக்குகள், அவசரமே இல்லாமல். அரை மணியா, ஒரு மணியா? நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு தார் ரோடு, வெயில். திரும்பச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் — சி ரூசா கடற்கரை.

"நிறுத்துங்கம்மா."

இறங்கினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் நனையத் தண்ணீரில் நின்றார். அலை வந்து போனது. என்ன நினைத்தார்? நான் கேட்கவில்லை.

திரும்பி வந்து, "மணி என்னா?" என்றார்.

"எட்டேகால்."

"மிஸ்ஸி எடம் வச்சிருப்பாளா?"

"வச்சிருப்பாங்கண்ணே."

"அப்ப போங்க. நாளன்னைக்கும் மரத்த எடுத்திருக்க மாட்டானுங்க. அந்தத் தடத்துல ஒங்களத் தனியா விட முடியாதுலா."

டயாலிசிஸ் மையத்தில் அவர் கைலியைப் பார்த்து நர்ஸ் மிஸ்ஸி சிரித்தார். "என்னா அங்கிள், பாசாருக்கு மீன் வாங்க வந்தீங்களா?" அவரும் சிரித்தார். எட்டு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்ற நினைப்பில் — கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்? — அவரிடம் ஒரு நாளாவது எதையாவது கேட்டிருக்கிறேனா? அண்ணி நீட்டிய காப்பியைக்கூட 'நேரமாச்சு' என்று மறுத்தவள் நான். உதவி செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லையா? அதை முழுக்க நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் ஓட்டுநர் வாட்ஸ்அப் குழுவில் அவரும் இருக்கிறார். பக்கத்து ஊரான புக்கிட் பெலண்டோக் பக்கம் போகிறவர்களுக்கும் சேர்த்துக் காலையிலேயே அவர் குரல்பதிவு வந்துவிடும். "அந்தப் பாலத்துக்கிட்ட தண்ணி நிக்கிது. சுத்திப் போங்கலா." உடம்பு பழையபடிதான். சோர்ந்துபோகிற நாள்களும் உண்டு. ஆனால் ஒரு தடவைகூட டயாலிசிஸை விடவில்லை.

என் போனில் அவர் எண்ணை 'லிங்கி நோயாளி' என்று போட்டு வைத்திருந்தேன். நேற்றுதான் கவனித்தேன். மாற்றிவிட்டேன் — 'சவரிமுத்து அண்ணன், வழி கேட்க'.