கோமாவில் ஒரு பெரியண்ணி

‘மூத்த மருமகள். மாடிப்படியில் விழுந்து கோமாவில் இருக்கிறாள். பேச்சு இல்லை. அசைவு இல்லை. சுற்றி நடப்பது எதுவும் தெரியாது.’

தொடரின் கதாபாத்திரக் குறிப்பில் அவளைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது. குறிப்புக்கு உரியவளோ ஆஸ்பத்திரிக் கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குளுகோஸ் குழாயைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, மேக்கப் போடும் பெண்ணுக்கு வந்திருக்கும் வரனை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

“பையன் பிசினஸ் பண்றான்னு சொன்னாங்களா? என்ன பிசினஸ்னு கேட்டியா? கேக்கலையா! நல்லா இருக்குடி உன் சாமர்த்தியம். நம்பரைக் குடு, நான் கேக்கறேன்.”

“அக்கா, வாயை மூடுங்கக்கா. உதட்டுக்கு வெளிறின கலர் போடணும்.”

“போடு, போடு. நான் மூக்கால பேசிக்கறேன்.”

டைரக்டர் குரல் கொடுத்ததும் அப்படியே மல்லாந்து சாய்வாள். ஆக்ஸிஜன் மாஸ்க் மூக்கில் ஏறும். முகத்திலிருந்து உயிர் படிப்படியாக இறங்கிப் போய்விடும். அவ்வளவு நேரம் கேட்ட பேச்சு சட்டென்று நிற்பதால், அறையில் இருப்பவர்களுக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

தொடரில் அவள் பெரியண்ணி. அதனால் தயாரிப்பாளர் முதல் கார் ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் பெரியண்ணிதான். வீட்டில் கணவரே ஒருநாள் வாய் தவறி, “பெரியண்ணி, சாவி எங்க?” என்று கேட்டுவிட்டு, அதற்கான பதிலை இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொலைக்காட்சிக்குள் முதலில் வந்தது அவளுடைய கைகள் மட்டும்தான். ஒரு சோப்பு விளம்பரத்தில் தட்டு கழுவின. பிறகு ஒரு தொடரில் கதாநாயகியின் தோழியாக முகமும் வந்தது. தோழிக்கு ஒரே வேலை, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்பது. அந்தக் கேள்வியைக் கேட்டே சில வருஷம் ஓட்டினாள். அடுத்து டாக்டர் வேஷங்கள். “‘ஸாரி, எங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டோம்.’ இந்த ஒரு வசனத்துல நான் எத்தனை பேரைச் சாகடிச்சிருக்கேன் தெரியுமா?” என்று பெருமையாகச் சொல்வாள்.

பெரியண்ணி வேஷத்தில்தான் முதன்முதலாகத் தினமும் வசனம் கிடைத்தது. வாய்க்கு நல்ல காலம் பிறந்த அந்த நேரம் பார்த்து, கடைவாயில் ஒரு பல் சொத்தையாகிவிட்டது. பிடுங்கிக்கொள்ள நாலு நாள் லீவு கேட்டாள். கதாசிரியர் இரக்க சுபாவம் உள்ளவர். ஆளைக் கொல்லவில்லை, மாடிப்படியில் தள்ளிவிட்டதோடு நிறுத்திக்கொண்டார். வீங்கிய கன்னமும் விபத்துக்குப் பொருத்தமாக இருந்தது. பல் விஷயம் முடிந்து திரும்பி வந்து பார்த்தால், தொடர் பார்ப்பவர்கள் கூடியிருந்தார்கள். அவள் விழுந்தது ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

காய்கறிக் கடைக்காரம்மாவுக்கு மட்டும் இன்றைக்கும் கோபம். “உடம்பு இந்த நெலமையில இருக்கறப்ப வெளிய எதுக்கும்மா வர்றீங்க? வீட்ல ஆள் இல்லையா?”

“இப்பக் கொஞ்சம் தேவலை. தக்காளி என்ன விலை?” என்பாள் பெரியண்ணி.

கோமாவில் ஒரு வசதி உண்டு. அந்தக் கதை வீட்டில் எல்லோரும் அவளிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். முக்கியமாக மாமனார். வாரம் தவறாமல் கட்டிலருகே நின்று, குடும்ப ரகசியங்களை ஒவ்வொன்றாகக் கொட்டுவார். மாமனாராக நடிப்பவர் ஒரு காலத்தில் ரேடியோ நாடகங்களில் கணீரென்று பேசியவர். குரல் அப்படியே இருக்கிறது. ஞாபகம்தான் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள், “நான் அன்னைக்கு...” என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். படப்பிடிப்பிலேயே குரலையும் பதிவு செய்கிற தொடர் அது. பக்கத்தில் நின்று யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. ஒரு அறையில் யாருமே பேசாமல் இருப்பதைப் பெரியண்ணியால் பொறுத்துக்கொள்ள முடிந்ததே இல்லை. மாஸ்க்குக்குள்ளிருந்து, ஒத்திகையில் கேட்டிருந்த “கதவைப் பூட்டலைம்மா” என்று மூச்சு விடுவது போல ஒன்று வந்தது. கிழவர் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார். அவள் உதட்டை மாஸ்க் மறைத்திருந்தது. வசனமே இல்லாதவளுக்கு யார் மைக் மாட்டப் போகிறார்கள்?

“சார், ஆக்ஸிஜன் லேசா சீறுது” என்றார் ஒலிப்பதிவாளர்.

“சீறட்டும்யா. நிஜம் மாதிரி இருக்கு” என்றார் டைரக்டர்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஒரு பத்திரிகை, மாமனார் நடிகரின் அர்த்தமுள்ள மௌனங்களைத் தனியாகப் பாராட்டி எழுதியது. அடுத்த வார்த்தை எப்போது வரும் என்று அவர் காத்திருந்த நேரங்கள் அவை.

“மாமா, நேத்து மூணு பக்க வசனத்துல ரெண்டே கால் பக்கம் பேசினது நான். பேரு மட்டும் உங்களுக்கா?”

“நெனப்பு இல்லாம படுத்திருக்கறவளுக்குப் பேரு எதுக்கும்மா?” என்று சிரித்தார். பிறகு, மேக்கப் பெண் அந்தப் பக்கம் போனதும், குரலை இறக்கிச் சொன்னார். “வீட்ல போய் உக்காந்துட்டேன்னா ஒரேயடியா எல்லாம் போயிடும்மா. இங்க யாராவது ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தா மீதி தானா வந்துடுது.”

பெரியண்ணி அவர் கையிலிருந்த மறுநாள் வசனத் தாளை வாங்கி, வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தாள்.

ஆனால் அவளுக்கும் ஆசை இருந்தது. டைரக்டரைப் பார்க்கும்போதெல்லாம், “சார், ஒரு விரலையாவது அசைக்கறேன் சார்” என்று நச்சரித்தாள். கடைசியில் அனுமதி வந்தது. பெரியண்ணி கண் திறக்கப் போகிறாள். திறந்ததும் இரண்டு பக்கம் பேசப் போகிறாள். அந்த இரண்டு பக்கத்தை அவள் சமையலறையிலும் குளியலறையிலும் சொல்லிப் பார்த்ததில், மகளுக்கு அது பாடத்தை விட நன்றாக மனப்பாடமாகிவிட்டது. “நீ எழுந்திருக்கறதுக்குள்ள நாங்க படுத்துடுவோம் போலிருக்கு” என்றார் கணவர்.

கண் திறக்கும் நாளும் வந்தது. மாஸ்க்கைக் கழற்றித் தலையணை ஓரம் வைத்தார்கள். அவள் அங்கியில் முதல்முறையாக மைக் குத்தினார்கள். அவள் கண் விழித்து “மாமா” என்பாள். அவர் மூன்று வரியில் ஒரு பெரிய உண்மையை ஒப்புக்கொள்வார். அதன் பிறகு அவளுடைய இரண்டு பக்கம்.

முதல் தடவை அவர் முதல் வரியிலேயே நின்றார். இரண்டாம் தடவையும் அப்படியே. பெரியண்ணி புருவத்தால் சொல்லிப் பார்த்தாள், உதட்டால் சொல்லிப் பார்த்தாள். “மேடம், உங்க உதடு அசையுது. உங்க வசனம் அப்புறம்தான்” என்றார் டைரக்டர்.

கிழவருக்கு வசனம் மறந்துபோகிறது என்று காதில் விழுந்த சேதியை நேரில் பார்க்கவே தயாரிப்பாளர் அன்று வந்திருந்தார். பக்கத்து அறையில் வேறொரு நடிகர், மாமனார் போட்டிருந்த மாதிரியே ஒரு பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பொத்தான் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கொஞ்சம் பிடித்தது, மற்றபடி பொருத்தம்.

“இதுவும் போச்சுன்னா ஆளை மாத்திடலாம்” என்றார் தயாரிப்பாளர். அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

மூன்றாம் தடவை. பெரியண்ணி கண் திறந்தாள். “மாமா” என்றாள். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அன்னைக்கு ராத்திரி...” என்றார். அங்கேயே நின்றார். கண்கள் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன, வழி கேட்டு நிற்பவர் பார்ப்பது போல. காமிரா அவள் உதட்டுக்கு எதிரிலேயே இருந்தது. அவளுடைய இரண்டு பக்கமும் தொண்டை வரை வந்து நின்றன. நிறுத்தச் சொல்ல டைரக்டர் கையைத் தூக்கினார்.

பெரியண்ணி ஒரு கையால் மைக்கைப் பொத்தினாள். இன்னொரு கையால் மாஸ்க்கை எடுத்து மூக்கின் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அவருக்கு அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள்.