சாக்கடையில் கொட்டிய சாம்பார்

பீர்க்கன்கரணையில் நானும் என் கணவரும் டிபன் கடை போட்ட புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது, நான் முந்தின ராத்திரியே வைத்த சாம்பாரை ருசி பார்த்த என் கணவர் அதை அண்டாவோடு தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

"சாம்பார் ஊசிப்போச்சு சார். இன்னைக்கு சட்னி மட்டும்தான்" என்று எல்லோரிடமும் சத்தமாகச் சொன்னார்.

பாதிப்பேர் எழுந்து போனார்கள்.

"எங்கிட்ட மெதுவா சொல்லக்கூடாதா? இனி யாருங்க வருவா?" என்று அழுதேன்.

"அதைச் சாப்பிட்டு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றார்.

அடுத்த ஞாயிறு, எழுந்து போனவர்களில் ஒரு டீச்சர் சர்ச் முடிந்து குடும்பத்தோடு வந்து நின்றார். என் கண்ணையே நம்ப முடியவில்லை.

"கெட்டுப்போச்சுன்னு தானாவே சொன்ன கடையை இப்பதான்க்கா பாக்குறேன்" என்றார்.

இன்றும் அவர்களுக்கு ஞாயிறு டிபன் எங்களிடம்தான்.