அரைப் பேர்

சசிரேகாவுக்குச் சம்பளம் இருபத்தெட்டாயிரம். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண்ணுக்கு அது பெரிய சம்பளம். லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும், ஏனென்றால் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சம்பளம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சாப்பிட்டாயா என்பதற்கு அடுத்த கேள்வி அதுதான்.

அவள் குன்னூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். நான் அங்கே கணக்கு எழுதுகிறவன். தோட்டத் தொழிலாளிக்கு நியாயமான கூலி எவ்வளவு என்று கண்டுபிடிக்க வெளிநாட்டுப் பணத்தில் ஒரு திட்டம் வந்தது. கண்டுபிடிப்பதற்கு ஜெர்மனியிலிருந்து ஆங்கே என்றொரு அம்மாள் வந்து சேர்ந்தாள். அவள் "அங்கே" என்றால் "இங்கே" யார் என்று அலுவலகத்தில் ஒரே கிண்டல். இங்கே சசிரேகாதான். ஆங்கே பேசுவதைத் தமிழில் சொல்வது, பெண்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வது, வண்டி பிடிப்பது, எந்த லயத்துக்கு எப்போது போகலாம் என்று பார்ப்பது எல்லாம் அவள் தலையில். அறிக்கையில் பாதியும் அவள் எழுதியதே.

ஆங்கேவுக்கு ஒரு நாளைக்கு நாற்பதாயிரம். இது ஒட்டுக்கேட்ட விஷயம் அல்ல. சசிரேகா ஊர் வழக்கப்படி நேராகவே கேட்டாள், ஆங்கே கொஞ்சம் முகம் சிவந்து சொல்லிவிட்டாள். வரி போகும், வாடகை போகும், எங்கள் நாட்டில் இது நடுத்தரம்தான் என்றும் சொன்னாள். உண்மையாகவே இருக்கும். ஆனால் தன்னுடைய ஒரு மாதம் இன்னொருத்தியின் ஒரு நாளுக்குக்கூடக் காணாது என்று தெரிந்த பிறகு யாருக்குச் சோறு இறங்கும்? அதன் பிறகு மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவளுக்கு இதே பேச்சு. ஒரே வண்டி, ஒரே மழை, ஒரே வேலை, தோலைப் பார்த்தா கூலி போடுவது என்பாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நாங்களும் ஆமாம் போட்டோம்.

அப்போதுதான் அவள் பிறந்த லயத்திலேயே ஒரு கூட்டம் வைப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை, இருபது பெண்கள். அவர்களுக்குத் துணி துவைக்க, விறகு பொறுக்க, கடைக்குப் போக இருப்பது அந்த ஒரு நாள்தான். அதை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று ஆங்கே கேட்டாள். ஒரு நாள் கூலிக்கு மேலேயே கொடுக்கலாம், பணம் இருக்கிறது என்றாள். வேண்டாம், ஒரு இடத்தில் கூடக் கொடுத்தால் எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்று சசிரேகா அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"அரைப் பேர் போதுங்க. சும்மா உக்காந்துதானே இருக்கப் போறாங்க."

பேர் என்பது சிலோன் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சொல். ஒரு நாள் வேலை செய்தவருக்குக் கணக்கப்பிள்ளை பேர் போடுவார். அதனால் ஒரு நாள் கூலிக்கே பேர் என்று ஆகிவிட்டது. கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர். அம்மா அரைப் பேரோடு திரும்பி வருகிற அன்றைக்கு வீட்டில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டோம் என்று சசிரேகாவே ஒருமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் இப்போது அவள் வாயிலிருந்து அத்தனை சுலபமாக வந்தது. செலவு மிச்சம் என்று மேலதிகாரி அவளைப் பாராட்டினார்.

கூட்டத்தில் அவள் அம்மா சின்னம்மை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகள் வெள்ளைக்காரியோடு இங்கிலீஷ் பேசுவதைப் பார்ப்பதற்கென்றே நல்ல சேலையாகக் கட்டி வந்திருந்தாள். அரிசிக்கு எவ்வளவு, பிள்ளைகள் படிப்புக்கு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஆங்கே கேட்டுக்கொண்டே போனாள். பெண்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நான் கவர்களைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவர்கள் மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

சாப்பிட்டு முடித்து உட்கார்ந்ததும் விஜயா என்ற கொழுந்துக்காரி கேட்டாள். "நாங்க அம்புட்டும் சொல்லிட்டோம். தொரசாணிக்கு ஒரு பேருக்கு எவ்வளவு?"

ஆங்கேவுக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் பேர் ஒன்று. "என் பேர் ஆங்கே," என்றாள் சந்தோஷமாக. எல்லாரும் சிரித்தார்கள். விஜயா மட்டும் விடாமல் சசிரேகாவைப் பார்த்தாள். சின்னம்மையும் பார்த்தாள்.

நாற்பதாயிரம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. எங்களிடம் தினமும் சொல்லிச் சொல்லி ஆத்திரப்பட்ட அதே தொகைதான். இங்கே சொன்னால், அவ்வளவு வாங்குகிறவள் எங்களுக்கு ஏன் அரைப் பேர் போட்டாள் என்று அம்மாவே கேட்பாள். "ஆயிரம்," என்றாள் சசிரேகா.

பெண்களுக்குப் பாவமாகிவிட்டது. காலையில்தான் ஆங்கே தன் சின்ன மகளைப் போனில் எல்லாருக்கும் காட்டியிருந்தாள். புள்ளையை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்ததற்கு இவ்வளவுதானா என்று விஜயா உச்சுக்கொட்டினாள். பிளேன் டிக்கெட்டுக்கே காணாதே என்றாள் இன்னொருத்தி.

சாயங்காலம் வண்டி ஏறப் போன எங்களைச் சின்னம்மை நிறுத்தினாள். கவரிலிருந்து ஆளுக்கு இருபது ரூபாய் போட்டிருக்கிறார்கள். விஜயா முக்குக் கடைக்கு ஓடிப்போய் வர்க்கி பிஸ்கட்டும் சின்னதாக ஒரு கம்பளிக் குல்லாவும் வாங்கி வந்திருந்தாள். குல்லா அந்தக் குழந்தைக்கு.

"நம்மள நாடி வந்தவள வெறுங்கையோட அனுப்பக் கூடாது," என்றாள் சின்னம்மை. "அவளுக்கும் நம்மள மாதிரி பத்தாத சம்பளந்தானே."

ஆங்கேவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். குழந்தைக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள் என்றாள் சசிரேகா. நான் சசிரேகாவின் முகத்தைப் பார்க்காமல் வண்டிக்குள் ஏறிக்கொண்டேன்.

சசிரேகா எங்களோடு வரவில்லை. அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். அங்கே நடந்ததை மறுநாள் அவளே அழுதுகொண்டே சொன்னாள். அம்மா ஊற்றிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, ஆயிரம் இல்லை, நாற்பதாயிரம் என்று சொல்லியிருக்கிறாள்.

சின்னம்மை கோபப்படவில்லை. அவளுக்குப் போய் ஆளுக்கு இருபது போட்டோமே என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "அது அவ நாட்டுக் கூலி, வாங்கிட்டுப் போறா. அத மறைக்க நமக்கு என்னா வெக்கம்?" என்றாள். கொஞ்சம் கழித்துச் சிரிப்பு நின்றது. "ஆனா அம்புட்டு வாங்குறவ எங்களுக்கு அரைப் பேரு போட்டுப்புட்டாளே. பாத்தா நல்லவளாத்தான் தெரிஞ்சா."

சும்மா இருந்திருந்தால் பழி ஆங்கேவோடு ஜெர்மனிக்குப் போயிருக்கும். சசிரேகா தலையைக் குனிந்துகொண்டாள். "அவ முழுப் பேருக்கு மேலயே தரேன்னாம்மா. நான்தான் அரைப் பேர் போதும்னேன்."

அதன் பிறகு வீட்டில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அடுப்படியில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து முடித்த பிறகுதான் சின்னம்மை பேசினாள்.

"இதுக்கு முந்தி எனக்கு அரைப் பேரு போட்டதெல்லாம் கணக்கப்புள்ளைங்கதான்."