கூட்டாளியின் ரிபன் கொப்பி

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கூட்டாளியும் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்கினோம். கந்தோர்களில் கம்ப்யூட்டர் பிரிண்டருக்குள் ஓடி மை வற்றிய ரிபன்களை வாங்கி வந்து, திரும்ப மை ஏற்றிக் கொடுப்பதுதான் தொழில். குப்பைக்குப் போகிற சாமானை நாலு தரம் உழைக்க வைக்கிறோம் என்று அவனுக்குப் பெருமை. இப்போது இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அன்று எங்களை மைக்காரர் என்றார்கள், அவ்வளவுதான்.

மூளை அவனுடையது, கைகால் என்னுடையது. எந்த மைக்கு எத்தனை துளி கிளிசரின் விடுவது, மழை மாதங்களில் அதை எவ்வளவு குறைப்பது, எந்த ரிபனை எத்தனை தரத்துக்கு மேல் தொடக்கூடாது என்பதெல்லாம் அவன் செய்து, கெடுத்து, திரும்பச் செய்து கண்டுபிடித்தவை. கெட்டுப்போனதையும் விடாமல் ஒரு கொப்பியில் எழுதுவான். கோட்டைப் பகுதிக் கந்தோர்களுக்குப் போகும் வழியையும் அதில் படமாகக் கீறி, எந்த வாசலில் காவலாளி எத்தனை மணிக்கு மாறுவான், அவர்களில் யார் சிடுமூஞ்சி என்றுகூடக் குறித்திருந்தான். எனக்கு எழுத்து வேலை என்றாலே எரிச்சல்.

"நீ என்ன, சோதினைக்கோ படிக்கிறாய்?" என்று நக்கலடிப்பேன்.

"நான் இல்லாட்டியும் இது ஓடவேணும், மச்சான்," என்பான். "ஆளோட போற தொழில் ஒரு தொழிலே?"

அவன் இல்லாத நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. கனடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒரு மத்தியானம் தகவல் சொல்லிவிட்டான். அடுத்த நாளே பயணம். கொப்பியை என் கையில் தந்து, "எல்லாம் இதில இருக்கு. என்ர தலை இனி வெறுந்தலை," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவன் நான் என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை, வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஒழுங்கையை இரு முனையிலும் மறித்துச் சுற்றி வளைத்தார்கள். வீட்டுக்கார அக்கா கதவைத் தட்டினார்.

"தம்பி, ஒழுங்கை முழுக்க ஆமி நிக்குது. ஏதும் எழுத்து கிழுத்து இருந்தால் ஒதுக்கிப்போடும்."

கடிதத்தை வாசித்த கையோடு கிழிப்பது அந்த நாளில் எங்களுக்குப் பல் விளக்குவது மாதிரி. கொப்பியை அன்றுதான் முதன்முதலாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன், அதுவும் ஓர் ஆமிக்காரனின் கண்ணால். கோட்டைப் பகுதியின் வழிப்படம். காவலாளி மாறும் நேரம். பக்கத்துக்குப் பக்கம், குண்டுக்கும் போகிற கிளிசரின். இதைக் கண்டால் என்னை நானே பிடித்துக் கொடுத்திருப்பேன். கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, கக்கூசில் ஊற்றினேன். வந்த சிப்பாய் பொலிஸ் பதிவைப் பார்த்துவிட்டு, "மொகக்த ரஸ்ஸாவ?" என்று கேட்டான். என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்கிறான். மை பிடித்த கையைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போனான். மேசை லாச்சியைக்கூட அவன் திறக்கவில்லை.

பிறகு பட்ட பாட்டைச் சொன்னால் வெட்கம். என் ரிபன்கள் கடிதங்களில் அப்பின, மழைக்குப் பிசுபிசுத்தன, பிரிண்டருக்குள் சிக்கின. பாதிக் கந்தோர்கள் கைவிட்டுவிட்டன. எழுதுகிறவனை நக்கலடித்த நான் ஒரு கொப்பி வாங்கினேன். யார் திறந்தாலும் வாசிக்கட்டும் என்று என் அரைகுறைச் சிங்களத்தில் எழுதினேன். நாள் முழுக்க அந்த அறையில் பேச ஆளில்லை. கெட்டுப்போன ரிபனோடு வாய்விட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன். ஒன்றரை வருடத்தில் தொழில் ஒருவாறு மூச்சுவிட்டது.

அப்போதுதான், காலி வீதிக் கொமியூனிக்கேஷன் கடைக்குச் சனிக்கிழமை நாலு மணிக்கு வரும்படி அவனிடமிருந்து தகவல் வந்தது. போன் பெட்டிக்குள் அவன் குரல் கேட்டதும் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"மச்சான், இங்கயும் தொடங்கப்போறன். ஒரு பேஸ்மென்ட் எடுத்திட்டன். கொப்பியை வாசி, நான் எழுதிறன்."

"உனக்குத் தெரியாததோ?"

"எழுதி வச்சிட்டனெண்டு விட்டிட்டன்ரா. வாற வழியில எங்கெங்கயோ கிடந்தனான். ஒண்டும் ஞாபகத்தில இல்லை. கொப்பி உன்னட்ட இருக்கெண்ட துணிவிலதான் இடத்தையும் எடுத்தனான்."

சொன்னேன். சுற்றிவளைப்பு, வாளித் தண்ணீர், எல்லாம். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் "ஹலோ" சொன்னேன்.

"இருக்கிறன்," என்றான்.

"என்ர கொப்பி ஒண்டு இருக்கு. வாசிக்கட்டே?"

எப்போதும் பைக்குள் கிடக்கும் அதை எடுத்து, சிங்களத்தைத் தமிழாக்கித் தடக்கித் தடக்கி வாசித்தேன். நடுவில் அவன் நிறுத்தினான்.

"எத்தினை தரம் மை ஏத்தலாமெண்டு நான் எழுதினனான் எல்லே?"

"அதை நான் இன்னும் பிடிக்கேல்லை."

"சரி, விடு," என்றான். பிறகு குரலை இறக்கிச் சொன்னான்: "நீ செய்தது சரிதான், மச்சான். நானெண்டாலும் கிழிச்சுத்தான் போட்டிருப்பன்."

அவன் கிழித்திருக்க மாட்டான். எங்காவது ஒளித்திருப்பான், அல்லது முதல் கிழமையே பாடமாக்கியிருப்பான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். என்னைத் தூஷணத்தால் திட்டியிருந்தால், அன்று அறைக்கு இவ்வளவு தனியாகத் திரும்பியிருக்க மாட்டேன்.