மாற்றி வைத்த அட்டை

புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வார்த்தை என்று ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எனக்கு வந்தது, ‘காத்திரு.’ பக்கத்து வீட்டு மேரிக்கு, ‘திறந்த வாசல்.’ பேத்துப்பாறை அங்கன்வாடி வேலைக்கு இருவருமே மனுப் போட்டிருந்தோம். எனக்கு வயிறு எரிந்தது. அவள் கண்மூடி ஜெபிக்கையில், அவள் பைபிளிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு என்னுடையதைச் செருகினேன்.

ஆறு மாதம் கழித்து வேலை அவளுக்கே கிடைத்தது. இனிப்போடு வந்தாள்.

“திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிரலாம்னு இருந்தேன்க்கா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பைபிளத் தொறந்தா, ‘காத்திரு’ன்னு கெடக்கு. நான் எடுத்தது வேற. கர்த்தர்தான் மாத்திக் குடுத்துட்டாருன்னு இங்கயே இருந்துட்டேன்.”

கர்த்தர் எனக்குச் சொன்னதை நான் தள்ளினேன்; அவள் நம்பினாள். அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. பொறாமையும் போகவில்லை. அது வேலையின்மேலிருந்து நகர்ந்து, இப்போது அவளுடைய நம்பிக்கையின்மேல் திரும்பியிருக்கிறது.