பச்சையாகத் தெரிந்த குருவி

என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் ஒரு சிநேகிதி இருக்கிறாள். கல்லூரியில் கூடப் படித்தவள். எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் புதிதாக ஒரு குருவி கண்ணில் பட்டால் போதும், இவர் படம் எடுத்து அவளுக்கு அனுப்பிவிடுவார். அவள் அதற்குப் பெயர் சொல்லுவாள். இவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். வீட்டில் வேறு எதற்கும் அந்தச் சிரிப்பு வந்து நான் பார்த்ததில்லை.

போனை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பார்க்காமல் இருக்க நான் என்ன தெய்வப் பிறவியா? படமும் பெயரும், படமும் பெயரும், அவ்வளவுதான். அதுதான் எனக்குச் சங்கடமே. வேறு ஏதாவது இருந்தால் சண்டை போடலாம், நாலு பெரியவர்களைக் கூட்டலாம். கொண்டைக்குருவிக்காக எந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவாள்?

அவர் வாரம் முழுக்க மலையில்தான். சனிக்கிழமை மத்தியானம் ஜீப்பில் போடிக்கு இறங்குவார். கீழே குடோனைப் பார்த்துக்கொள்வது நான். பொறுக்கிய காயை ஒரு கை அள்ளி, வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் நிறம் சொல்வேன். குடோனுக்குள் டியூப்லைட்டில் பார்த்து நிறம் சொல்பவரை இந்த ஊரில் யாரும் வியாபாரி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்கூட, “அக்கா, இந்தக் காயக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று தட்டோடு வந்து நிற்பார்.

போன தை மாதம் நாற்றுப் பைகளைப் பார்த்துவர மேலே போயிருந்தேன். அவர் அன்றைக்குப் பார்த்து, காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தார். நாற்றங்காலில் நட்டிருந்த மூங்கில் குச்சியில் ஒரு சின்னக் குருவி உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். சட்டென்று பறந்து காற்றில் எதையோ பிடித்துக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பியது. முன்னே பின்னே பார்த்த குருவி இல்லை. போனில் படம் எடுத்தேன். நன்றாகவே விழுந்தது.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த ஒன்றுக்காவது பெயர் என் வாயிலிருந்துதான் வர வேண்டும். சனிக்கிழமை அவர் சாப்பிட உட்காரும்போது படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பை ஒரு தடவை நான் வாங்கிப் பார்க்க வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி வந்தேன்.

வீட்டில் அவர் வாங்கி வைத்த பறவைப் புத்தகம் இருக்கிறது. மூக்கு, கால், வால் என்று என்னென்னவோ பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் நிறத்தைப் பார்த்தேன். நிறம் பார்ப்பதில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? படத்தில் குருவி இளம்பச்சையாக இருந்தது. பக்கம் பக்கமாகத் தள்ளி, பச்சைக் கதிர்க்குருவி என்று கண்டுபிடித்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

சனிக்கிழமை சோற்றைப் போட்டுவிட்டுப் படத்தைக் காட்டிச் சொன்னேன்.

“அப்படியா?” என்றார். “நல்லா எடுத்திருக்கியே. எதுக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்.”

கை கழுவுவதற்கு முன்பே இடது கையால் அனுப்பியாகிவிட்டது. என்னிடம் பேசும்போது அவளை ‘அவங்க’ என்பார். போனில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீ, வா, போதான்.

பதில் குரல் பதிவாக வந்தது. அவள் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கரகரவென்றாவது இருந்திருக்கக் கூடாதா? தேனாக இருந்தது.

“இது கதிர்க்குருவி இல்லப்பா. உன் நாத்தங்கால்ல எடுத்ததா? அங்க நிழலுக்குப் பச்சை நெட்டு போட்டியே, அந்த வெளிச்சந்தான் எல்லாத்தையும் பச்சையாக் காட்டுது. கண்ணு எவ்வளவு பெருசு பாரு, நிமிந்து உக்காந்திருக்கு பாரு. பழுப்பு ஈப்பிடிப்பான். குளிருக்கு வந்திருக்கு.”

படத்தை மறுபடி பார்த்தேன். காய்ந்த மூங்கில் குச்சியும் பச்சையாகத்தான் இருந்தது. வெயிலுக்குக் கொண்டுபோகாமல் ஒரு ஏலக்காயைக்கூட நம்பாதவள், அந்தப் பச்சை வலைக்கு அடியில் நின்று குருவிக்கு நிறம் சொல்லியிருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. அவர் சிரித்தார், அதே சிரிப்பு.

சரி, அவள் சொன்னது சரிதான், தோற்றுவிட்டேன். அதையும் முழுங்கிக்கொண்டு தட்டை எடுக்கக் குனிந்தபோதுதான் உறைத்தது. படத்தில் வலையே இல்லை. குருவி, குச்சி, கறுப்புப் பையின் ஓரம், அவ்வளவுதான்.

“நெட்டு போட்டது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாந்தான் போன்ல சொன்னேன்” என்றார், சாதாரணமாக. “கார்த்திகைல காத்தடிச்சு எலைப் பந்தல் சரிஞ்சு, நாத்துல பாதி வெயில்ல கருகிப்போச்சுல்ல. ராவெல்லாம் தூக்கமில்லாமக் கெடந்தேன். அவங்கதான் வெரசா நெட்டு வாங்கிப் போடு, மீதியக் காப்பாத்திரலாம்னு தைரியம் சொன்னாங்க.”

பந்தல் சரிந்தது எனக்குத் தெரியாது. நாற்று கருகியதும் தெரியாது. நான் மேலே போனபோது வலை கட்டியிருந்தது. நல்ல யோசனைதான் என்று நினைத்துக்கொண்டு அதற்கடியில் நின்று படம் எடுத்துவிட்டு வந்தேன். கார்த்திகையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே இடத்தில் சோறு போட்டுக்கொண்டு, மேலே நாற்று எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். நல்லா இருக்கு என்றுதான் சொன்னார்.

“அதான் பேரு தெரிஞ்சுபோச்சுல்ல?” என்றார் அவர். “பெறகு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”