என் முகவரிக்கு வந்த பிறர் கடிதங்கள்

பிறருக்கு வரும் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒப்புக்கொண்ட ஒருவர், அதை எவர் காதில் போடலாம், எவர் காதில் போடக்கூடாது என்று யோசிக்க வேண்டாமா? 2006-ஆம் ஆண்டு, கொல்லிமலைச் செம்மேட்டில், நான் யோசிக்கவில்லை.

பட்டப்படிப்பை முடித்த கையோடு அங்கே சிறிய இணைய மையம் ஒன்றை நடத்தி வந்தேன். அடிவாரத்து ஊரில் இருந்த வங்கி, அறிவிப்புகளை இனி மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் முகவரி கேட்டது. மலையில் விவசாயம் செய்பவர்களிடம் அன்று மின்னஞ்சல் ஏது? உதவி கேட்டு வந்த அத்தனை பேரின் படிவத்திலும் என் முகவரியையே எழுதிக் கொடுத்தேன். வருவதைப் படித்து உரியவருக்குச் சொல்லி அனுப்புவதை ஒரு சமூகப் பணியாகவே நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் சேதி அனுப்புவது எளிது. உரியவரின் ஊருக்குப் போகிறவர் யாராயிருந்தாலும் அவரிடம் சொல்லிவிட்டால் போதும், போய்ச் சேர்ந்துவிடும். ஒரு நாள், மலையிலேயே உள்ள வாழவந்தி நாடு என்ற ஊரில் மிளகு பயிரிடும் ஒரு பெண்மணியின் பெயருக்கு மின்னஞ்சல் வந்தது. மாத முடிவுக்குள் புகைப்படத்துடன் நேரில் வராவிட்டால் அவருடைய சேமிப்புக் கணக்கு முடக்கப்படும் என்றிருந்தது. மாதம் முடிய மூன்றே நாட்கள். பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன். கிளம்பிக்கொண்டிருந்த வண்டியில் அவர் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டு, ஜன்னல் வழியே விவரம் முழுவதையும் உரக்கச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் முதல் பேருந்திலேயே அந்த அம்மா வந்துவிட்டார்.

"ஏங்கண்ணு, தபாலா வந்திருந்தா ஒட்டியாச்சும் வந்திருக்கும். நீ பஸ்ஸு பூராவுக்கும் படிச்சுக் காட்டிட்டியே" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவர் கணவருக்கு முந்தைய நாள் வரை தெரியாது. மகளை நர்சிங் படிக்க வைக்க, ஐந்து ஆண்டுகளாக அவர் சேர்த்து வந்த பணம் அது. கணவருக்கோ, விலைக்கு வந்திருந்த ஒரு பழைய பைக் மேல் கண்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கணவரும் அடுத்த பேருந்தில் வந்து இறங்கினார்.

"அம்மிணி, அவ கணக்குல எத்தன கெடக்குதுன்னு அந்தப் பொட்டியப் பாத்துச் சொல்லுங்க."

"கணக்கு அவங்க பேர்ல இருக்குதுங்க. அவங்களையே கேளுங்க" என்றேன்.

"நேத்து பஸ்ஸுக்கே சொன்னீங்களாமா. எனக்குச் சொன்னா மட்டும் குத்தமாயிருமுங்களா?"

அந்த அம்மாதான் பேசினார். "அது புள்ள படிப்புக்கு வெச்சதுங்க. பைக்குதான் வேணுமுன்னா, காலேசு வேண்டாமுன்னு நீங்களே அவகிட்டப் போயிச் சொல்லுங்க."

கணவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு மொதல்லயே சொன்னா என்னவாம்?"

"சொல்லியிருந்தா இந்நேரம் பைக்க வாங்கி, அத வித்தும் இருப்பீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளிடம் போய்ச் சொல்லும் துணிவு அவருக்கு இல்லை என்பது மூவருக்கும் தெரிந்தது. பக்கத்துப் புகைப்படக் கடையில் படம் எடுத்துக்கொண்டு, இருவரும் ஒன்றாகவே வங்கிக்கு மலையிறங்கினார்கள். மகள் அந்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்தாள்.

நல்லபடியாக முடிந்ததற்குக் காரணம் அந்த அம்மாவின் வாய்த்துணிவே தவிர, என் சேவை அன்று. வேறொரு வீடாக இருந்தால், நான் ஜன்னல் வழியே சொன்ன நான்கு வாக்கியங்கள் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்திருக்கும். நல்லெண்ணம் அதற்கு ஈடாகியிருக்காது.

அந்த வாரமே வங்கிக்கு எழுதி, எல்லாக் கணக்குகளிலிருந்தும் என் முகவரியை நீக்கச் செய்தேன். ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்தேன். ஆங்கில எழுத்து அறியாதவர்களும் எண்கள் அறிவார்கள். அவர்கள் கடவுச்சொல்லை எண்களாகத் தட்டி முடிக்கும் வரை நான் வெளியே நின்றேன். அதன் பிறகு, உரியவர் என் அருகில் உட்காராமல் எவருடைய கடிதத்தையும் நான் படித்ததில்லை.